தேவிகா மகளை எந்தப் பள்ளியில் சேர்த்தார்?

நான் மதுரைப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. லுக்குட் அருகே உள்ள ஒரு தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு எழுதி, அனுமதி வாங்கிக்கொண்டு மே விடுமுறையில் கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து காலை ரயில். சிரம்பானுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், 8.70 வெள்ளி. (ரிங்கிட்டைத் தமிழர்கள் இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் கார் பயணம். போக வர 120 வெள்ளி பேசியிருந்தேன். ஓட்டியவர் தேவிகா, லுக்குட் பக்கம் குடியிருப்பவர்.

இங்கே தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு. மலாய், சீனம், தமிழ் மூன்றில் எந்த மொழிப் பள்ளி என்பது பெற்றோர் விருப்பம். பிறகு ஐந்து ஆண்டு இடைநிலைப்பள்ளி (ஃபாரம் ஒன் முதல் ஃபாரம் ஃபைவ் வரை), மலாய் வழியில். தமிழ்ப்பள்ளியில் படித்து மலாயில் தேறாதவர்களுக்கு இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பு உண்டு.

"அதுல நான் மாட்டினேன் சார்," என்றார் தேவிகா. "கூட்டாளிங்க எல்லாம் ஃபாரம் ஒன் போயிட்டாங்க. நான் மட்டும் ஒரு வருஷம் பின்னுக்கு. ரொம்ப வெக்கமா இருந்துச்சு லா."

அவர் மகள் அடுத்த ஆண்டு பள்ளியில் சேர வேண்டும். செனாவாங் பகுதித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர், மலாய்ப் பள்ளியே போதும் என்கிறாராம். இவருக்கு மனம் வரவில்லை.

செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவே நீளமான ஓட்டுக் கட்டடம். மொத்தம் பதினேழு பிள்ளைகள். முதலாம் ஆண்டில் மூன்றே பேர். காரில் இருப்பதாகச் சொன்ன தேவிகா, என் பின்னாலேயே வந்துவிட்டார். நான் தலைமையாசிரியையிடம் கேள்வி கேட்பதற்குள் அவர் கேட்டார்: "டீச்சர், இங்க சேர்த்தா என் மகளும் புகுமுக வகுப்புக்குப் போவாளா?"

பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் பள்ளி; ஒரு பெயர் கூடினாலும் தலைமையாசிரியைக்கு லாபம்தான். ஆனாலும் அவர் சொன்னார்:

"போக மாட்டாள்னு கேரண்டி குடுக்க முடியாதும்மா. போன வருஷம் ஒரு பையன் போனான். தினமும் மலாய் சொல்லிக் குடுக்கிறோம். வீட்லயும் நீங்க கூட உக்காந்து படிக்கணும்."

திரும்பும் வழியில் சிரம்பான் நெருங்கும்போது தேவிகா சொன்னார்: "அந்தப் பள்ளியிலயே மகளைப் போடப் போறேன் சார். போக மாட்டாள்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நான் உக்காந்து சொல்லிக் குடுப்பேன்."

போக நினைப்பவர்களுக்கு: கடிதம் எழுதி அனுமதி வாங்காமல் எந்தப் பள்ளி வாசலுக்கும் போகாதீர்கள். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். தோட்டத்துக்குள் பேருந்து கிடையாது, காரைப் போக வரப் பேசிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய மறுவாரமே எங்கள் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போனேன். "நல்லா படிக்க வைப்பீங்களா சார்?" என்று ஒரு தாய் கேட்டார். "கண்டிப்பா" என்று எப்போதும் சொல்லும் பதில் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எங்களிடம் கணக்கு ஆசிரியர் இல்லை என்பதை முதலில் சொன்னேன்.