வியாழக்கிழமை ரசம்

நான் ஆறாவது வரைதான் படித்தேன். பிறகு ஊர் ஊராகப் போய் எத்தனையோ கம்பெனிகளில் வேலை பார்த்து, அங்கங்கே கேண்டீனில் போட்டதைத் தின்றிருக்கிறேன். எங்கே தட்டை ஏந்தினாலும் சங்கரன்கோவில் மில்லின் நோட்டு ஒன்று ஞாபகத்துக்கு வரும்.

அந்த நூல் மில்லில் தொழிலாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு இலவசம். பரிமாறுவதற்கு முன் தொழிலாளி ஒருவர் ருசி பார்த்து, எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். யாரோடும் சண்டைக்குப் போகாதவர் என்பதால் அந்தப் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதை மில்லில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆறு நாளைக்கும் சேர்த்து ‘நன்று’ என்று நான் எழுதுவேன்.

ஒரு ஞாயிறு அம்மாவிடம் அலுத்துக்கொண்டிருந்தார். “வியாழக்கிழமை சோறு வேகவே இல்ல. ரசமா அது, கை கழுவுன தண்ணி.”

ஒரே சொல்லை ஆறு முறை எழுதினால் எங்கள் வாத்தியார் சோம்பேறி என்பார். வியாழக்கிழமைக்கு நேராக அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம், நூல் வாங்கும் கம்பெனியிலிருந்து மில்லைச் சோதிக்க வந்தவர்கள் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். மறுநாளே அரிசி மாறியது. புதன்கிழமை முட்டை வந்தது.

அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணாச்சி, நீரு எழுதுன எழுத்துல மேனேஜருக்கு வேர்த்துப்போச்சுவே! நாங்க உம்ம வாயில்லாப் பூச்சின்னுல்லா நெனச்சோம்!”

அப்பா என்னைப் பார்த்தார். வந்தவர் போனதும், “ஏட்டி, என்ன எழுதுன?” என்றார். சொன்னேன்.

“இன்னொருக்கச் சொல்லு.”

சொன்னேன். அடி விழும் என்று தள்ளி நின்றேன்.

“அப்படித்தாம்ட்டி இருந்துச்சு,” என்றார்.

அடுத்த வாரம் நோட்டு வேறொருவர் கைக்குப் போனது. நூல் சுற்றும் இடத்திலிருந்து அப்பாவைப் பஞ்சுப் பொதிகளை உடைத்து உதறும் பகுதிக்கு மாற்றினார்கள். சாயங்காலம் தலையும் புருவமும் பஞ்சு படிந்து வெள்ளையாக வருவார். அந்தப் பஞ்சைப் பிய்த்து உருண்டை பிடித்து விளையாடுவேன். இருமும்போது தலையை ஆட்டுகிறார் என்று அவரைத் திட்டுவேன்.

கொஞ்ச நாளில் அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்துவிடத் தொடங்கினாள். “சோறு தொண்டையில எறங்க மாட்டேங்கு,” என்று அப்பா அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. நான் எழுதி வாங்கிக்கொடுத்த சாப்பாடு அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டதே என்று கோபம்.