கையை மாற்றி வாசிக்கச் சொன்னார்கள்

போன வைகாசியில் காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. என் மனைவியின் தம்பிக்குத் திருமண வரவேற்பு. கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கிட்டார் என்றால் பைத்தியம். வாசிக்கத் தெரியாது, கேட்க மட்டும் தெரியும். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை செல்போனில் கிட்டார்தான் ஓடும். "பாட்டே வராதுங்களாண்ணா, வெறும் டொய்ங் டொய்ங்னே போவுது" என்று லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள். விரலை மின்னலாக ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வியப்பு வரும், ஆனால் மனசு ஒட்டாது. எனக்குப் பிடித்தவர்களே வேறு. தர்மபுரிப் பக்கம் ஒரு மாதா கோயிலில் ஒருவர் வாசிப்பார். பாடுகிற வயதானவர்களுக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் சற்றுப் பொறுத்து, அவர்கள் மூச்சைப் பிடித்த பிறகே அடுத்த தட்டைத் தட்டுவார். அதைக் கேட்பதற்காகவே கிறிஸ்துமஸ் அன்று மாரியம்மன் கோயில்காரனான நானும் அங்கே போய்க் கடைசியில் நின்றுகொள்வேன். ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிற இன்னொருவரையும் பிடிக்கும். அவர் மேடையில் இருப்பதே தெரியாது. அவர் கை நின்றால்தான் பாட்டு தள்ளாடுவது தெரியும்.

இவர்கள் எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவள் என் வீட்டிலேயே இருக்கிறாள், என் மனைவி. கட்டியவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் பெண் கேட்டே போனேன்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். பாப்பாரப்பட்டியில் படிக்கும்போது தோழி ஒருத்தியின் கிட்டாரில் பழகியிருக்கிறாள். இரவல் பொருள், கம்பியைக் கழற்றி மாற்றிக் கட்ட முடியுமா? அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்குத் தடித்த கம்பி மேலே இருக்கும், இவளுக்கு மெல்லிய கம்பி மேலே. மற்றவர்கள் மேலிருந்து தட்டினால் முதலில் கனத்த சத்தம் வரும், மெல்லியது பின்னால் வரும். இவள் தட்டினால் மெல்லிய சத்தம் முதலில் வந்து எட்டிப் பார்க்கும், கனத்தது பின்னாலேயே வந்து பொறுமையாக உட்காரும். கட்டை விரலில் மெட்டு, மற்ற விரல்களில் தாளம், எல்லாமே தலைகீழ். சொந்தமாகக் கிட்டார் வாங்கிய பிறகும் அவள் அதை மாற்றவில்லை. அந்தச் சத்தத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவளே ஒரு மெட்டுப் போட்டாள். பெரிய மெட்டெல்லாம் இல்லை, சின்னது. சின்ன வயதில் அவள் பழகும்போது கிட்டாருக்குப் பக்கத்திலேயே சுருண்டு தூங்கிப்போவானாம் தம்பி. அதை நினைத்துப் போட்டது. சீர்வரிசை யார் வேண்டுமானாலும் செய்யலாம், இது நான் மட்டும்தான் செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுகூட அவள் விரல்கள் சமையல் மேடையில் அதே மெட்டைத்தான் தட்டிக்கொண்டிருக்கும்.

வரவேற்பு அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். மணப்பெண்ணின் அப்பா கதவருகே நின்று பார்த்திருக்கிறார். நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள, தப்பா நெனக்காதீங்க. நல்ல காரியம். மேடையில எடது கையால வாசிச்சா நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க. கையை மட்டும் மாத்திப் புடிச்சி வாசிக்கச் சொல்லுங்க."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா, அது அப்படி மாத்தறது இல்லைங்க. நீங்க எழுதற கையை மாத்தி எழுதுனா வருங்களா?" என்றேன்.

"பழகுனா வராதது என்ன இருக்குது மாப்ள. எங்க வூட்டுலயே பழக்கி இருக்கறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, வாசிப்பை அல்லவா கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திவிட்டேன். என் மாமியார் ஓடி வந்தார். எனக்குச் சமாதானம் சொல்வார் என்று பார்த்தால், மகளிடம் போய், "ஒரு பாட்டுதானே கண்ணு, மாத்திப் புடிச்சிக்கோ" என்றார். புது மாப்பிள்ளை கோட் போட்டுக்கொண்டு மேடையில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு போட்டோகிராபர் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவின் கிட்டாரைக் கேட்டே தூங்கிய பிள்ளை இவர்தான்.

மைக்கில் அவள் பேரைச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி தம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. அவரு சொன்ன மாதிரியே வாசிக்கறேன்."

மேடையில் போய் உட்கார்ந்து, எல்லார் கண்ணும் படும்படி கிட்டாரை வலது கைக்காரர்கள் மாதிரி திருப்பிப் பிடித்தாள். வாசித்தாள். வாசித்தாள் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. நேற்றுத்தான் கிட்டாரைத் தொட்டவர்கள் மாதிரி ஒவ்வொரு கம்பியாகத் தேடித் தேடித் தட்டினாள். பாதிக் கம்பிகள் பேசவே இல்லை, பேசிய கம்பிகள் கரகரத்தன. மெட்டு என்று ஒன்று இருந்த இடம் தெரியவில்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்ததைப் பாதியில் விடாமல் கடைசிவரை வாசித்து முடித்து எழுந்தாள்.

மண்டபமே கைதட்டியது. விசில்கூட வந்தது. பெண்ணின் அப்பா என் தோளில் கை போட்டு, "பாத்தீங்களா மாப்ள, இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. அவ்வளவு பேரும் பார்க்க வந்திருந்தார்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை. மேடையில் மணப்பெண் மட்டும் கை தட்டவில்லை. கையில் பூச்செண்டு இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து என் மனைவி இடது கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகளில் கம்பி பதிந்து சிவந்திருந்தது. அந்த விரல்கள் தட்டிப் பழகியவை, அழுத்திப் பழகாதவை. அவள் அழவில்லை. "சாப்பிடப் போலாமா, பசிக்குது" என்றாள்.

மறுநாள் காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளை நாத்தனாராகிய என் மனைவி போட வேண்டும். போட்டாள். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும், அவளுக்கு இடது கைதான் முந்தும். பெண்ணின் அப்பா, எங்கள் சம்பந்தி, பக்கத்திலேயே நின்று அட்சதை போட்டார். தாலிக்கு ஆகிற கை கிட்டாருக்கு ஆகாதா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நல்ல நேரத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்துப் புதுத் தம்பதி எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணின் இடது கை இலைக்குப் போனது. தொடுவதற்குள் சட்டென்று இழுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள். ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தாள். அவள் அப்பா அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தாள். என் மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"சின்னதுல எடது கை சோத்துல பட்டா, அப்பா துண்டால கட்டிப் போட்டுருவாருங்க அண்ணி. எழுதறப்பவும் அப்படித்தான்" என்றாள் அந்தப் பெண், தலையைக் குனிந்தபடி. "அன்னைக்கி நீங்க வாசிக்கறப்ப உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுங்க."

'எங்க வூட்டுலயே பழக்கி இருக்கறோம்' என்று அவர் சொன்னது இதைத்தான்.

சாப்பிட்ட பிறகு என் மனைவி உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் முதலில் எல்லாரையும்போல வலது பக்கமாகத்தான் பிடித்தாள். கம்பிகளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தானாகத் திருப்பினாள். இடது கையால் மேலிருந்து ஒரு தட்டு. மெல்லிய சத்தம் முதலில் வந்தது, கனத்தது பின்னால் வந்து உட்கார்ந்தது. அவளே பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். அப்புறம் சிரித்தாள்.

பிறகு என் மனைவி கிட்டாரை வாங்கி, மண்டபத்தில் வாசிக்க முடியாத அந்த மெட்டை வாசித்தாள். என் மைத்துனர் முடியும்வரை நிமிரவே இல்லை. நிமிரவும் வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

சம்பந்தி நல்ல மனிதர்தான். வரும்போதெல்லாம் தோட்டத்து மாம்பழம் கொண்டுவருவார், நானும் வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மேடையில் அன்று என் மனைவிக்குப் போனது ஒரு பாட்டு. இந்தப் பெண்ணுக்குப் பிள்ளைப் பருவமே அப்படிப் போயிருக்கிறது என்று நினைக்கும்போது, அந்த மண்டபத்துக் கைதட்டல் இன்னமும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.