மைக்கில் கேட்ட மன்னிப்பு

என் நண்பன் கபடி மைதானத்தில் வெட்டுப்பட்டபோது அவன் கையில் மைக் இருந்தது. அந்த மைக்கின் வயர் என்னுடைய ஆம்பிளிஃபயரில் செருகியிருந்தது. அதனால் அவன் சாவைப் பற்றி நான் எழுதுவது எதுவும் கேள்விப்பட்டதல்ல. அவனுக்கு இருபத்தைந்து வயது நிறையவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். அவன் நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தான். ஷிப்ட் முடிந்ததும் தலைமுடியில் பஞ்சோடு நேராக என் கடைக்கு வருவான். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவன் அக்கா வீட்டுக்காரர் சில கேசட்டுகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பையன்கள் பாடாமல், பேசிக்கொண்டே போகிற பாட்டுகள். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், எந்த இடத்தில் வார்த்தையை ஓங்கி வைக்கிறார்கள் என்பதையெல்லாம் அப்படியே செய்து காட்டுவான். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது என்பான்.

அந்தக் கேசட்டுகளில் இருந்தவர்களில் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தது. பாட்டிலேயே ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வார்களாம், அதில் வந்த பகையாம். நான் வாசித்துச் சொன்னேன். அவன் கேசட் அட்டையில் இருந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

"நம்ம ஊர்ல பாட்டுப் படிச்சா சோடா வாங்கிக் குடுப்பாய்ங்க மாப்ள. துப்பாக்கி வாங்க எவன்ட்ட காசு இருக்கு?" என்றான்.

கபடிப் போட்டி வருடா வருடம் ஊரின் மேற்கு ஓரத்தில் நடக்கும். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க ஒரு மில்லின் உயரமான காம்பவுண்டுச் சுவர். எந்தக் கம்பத்தில் எப்படி ஸ்பீக்கர் குழாயைத் திருப்பிக் கட்டினாலும் சத்தம் போய் அந்தச் சுவரில் அடித்துத் திரும்பி வரும். பேசுகிறவனுக்குத் தன் குரலே இரண்டாவது தடவை காதில் விழும். பழக்கமில்லாதவர்கள் அந்த மைதானத்தில் மைக் பிடித்தால் உளறிவிடுவார்கள். பேச்சுக்குப் பேர்போன கட்சிக்காரர்களே திணறியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பேச வேண்டுமென்றால் ஒரு வரி சொல்லிவிட்டு, சுவர் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

என் நண்பன் அந்தச் சுவரையே தாளமாக வைத்துக்கொண்டான். ஆட்ட வர்ணனையை ஒரு வரி சொல்வான். சுவர் திருப்பிச் சொல்லும். அது முடிகிற இடத்தில் அடுத்த வரியைப் போடுவான். கடைசி வரிக்குப் பிறகு கையைத் தூக்கினால் கூட்டம் மொத்தமும் அந்த வரியைத் திரும்பக் கத்தும். ஆட்டத்தைவிட அவன் வர்ணனைக்கென்றே ஆள் வந்தது. சோழபுரத்திலிருந்து சைக்கிளில் டபுள்ஸ் அடித்து வருவார்கள். கூமாப்பட்டிப் பக்கமிருந்து தேங்காய் லோடு ஏற்றி வந்த டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்பார்கள்.

அந்த வருடம் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு அணி வந்திருந்தது. அதில் ஒரு பையன் எதிரணிப் பக்கம் பாடிப் போவதில் கெட்டிக்காரன். அவனுக்கு ஒரு பழக்கம். நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் வெளியே நிற்கும் அண்ணனைத் திரும்பிப் பார்ப்பான். அண்ணன் தலையை அசைத்தால்தான் போவான். அண்ணன் லாரியில் மூடை ஏற்றுகிறவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தது அவர்தான். அன்று அந்தப் பையன் யாரையும் தொடாமல் வெறுமனே திரும்பி வந்தான். என் நண்பன் மைக்கில் சொன்னான்:

"வந்தாரய்யா வந்தாரு,
கோட்டத் தொட்டு நின்னாரு,
ஆளத் தொட அஞ்சிக்கிட்டு
அண்ணன் மொகம் பாத்தாரு."

கையைத் தூக்கினான். கூட்டம் கடைசி வரியைக் கத்தியது. அந்தப் பையன் அடுத்த தடவை அண்ணனைப் பார்க்காமலேயே போய், பிடிபட்டான். அவர்கள் அணி தோற்றது.

அத்தோடு போயிருக்கும். ஆனால் வரி ஊருக்குள் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் அந்த அண்ணனைப் பார்த்துச் சிலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அன்று ராத்திரி லோடு ஏற்றுகிற இடத்தில் கூட வேலை செய்கிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை அவர் ஆட்களோடு என் கடைக்கு வந்தார். என் நண்பன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பேச்சே இல்லை. முதலில் டம்ளர் போனது. பிறகு அவன் பிடரியைப் பிடித்து கவுண்டர் கண்ணாடியில் மோதினார்கள். கண்ணாடி உடைந்தது. உடைந்த கண்ணாடியின் மேலேயே மறுபடி மோதினார்கள். ஒருவன் சுவரோரம் இருந்த ஹார்ன் குழாயை எடுத்து அவன் முதுகில் அடித்தான். குழாய் நசுங்கும்வரை அடித்தான். நான் குறுக்கே போனதற்கு வயிற்றில் ஒரு உதை வாங்கி மூச்சில்லாமல் கிடந்தேன். கிடந்த இடத்திலிருந்து அவன் வாயிலிருந்து ரத்தம் தரையில் சொட்டுவதைப் பார்க்க முடிந்தது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது.

அண்ணன்காரர் அவன் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"மொகத்தப் பாத்தாருன்னு சொன்னேல்ல. இப்ப நீ பாருல. நல்லாப் பாரு."

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

போலீசுக்குப் போகவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மைக்கில் ஒருவரை இழிவாகப் பேசினால், அதே இடத்தில் அதே மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டுக்கே போய் காலில் விழுகிறேன் என்று என் நண்பன் சொன்னான். உண்மையாகவே சொன்னான். அண்ணன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்குள்ள கேட்டா யாருக்குத் தெரியும்? அம்புட்டுப் பேரும் கேட்டாங்கல்ல, அம்புட்டுப் பேரும் கேக்கணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எல்லாருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. இறுதிப் போட்டி தொடங்குமுன் மன்னிப்பு என்று முடிவானது.

அவன் அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தாள். நான் அவளை அத்தை என்பேன். மன்னிப்புக் கேட்கப் போவதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்பதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. மகன் அதைக் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டுமே என்பதுதான் அவள் கவலை. என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, அவனைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். மைக் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு அவன் சொன்னான். பல் உடைந்திருந்ததால் சில எழுத்துகளில் காற்று வந்தது. மற்றபடி யார் வீட்டுப் பிள்ளையும் தப்புச் செய்துவிட்டுச் சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"இப்படியே சொல்லிட்டு எறங்கிருய்யா. ஒண்ணும் சேக்காத" என்றாள்.

"செத்த நேரம்மா. முடிஞ்சிரும்."

அந்த மைதானத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்பது அப்போது எங்கள் மூன்று பேர் யோசனையிலும் வரவில்லை.

இறுதிப் போட்டி அன்று மதியத்திலிருந்தே கூட்டம். தோற்ற அணி ஆட வரவில்லை, அவன் மன்னிப்புக் கேட்பதைக் காதால் கேட்க வந்திருந்தது. அந்தப் பையன் களத்துக்குள்ளேயே, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவனைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. அண்ணன்காரர் வெளியே வாசல் பக்கம், இளநீர் வண்டியை ஒட்டி நின்றார். நான் கொட்டகைக்குள் ஆம்பிளிஃபயர் முன்னால் இருந்தேன். என் நண்பன் எனக்கு முதுகு காட்டி, களத்தின் ஓரம் நின்றான். முழுக்கை வெள்ளைச் சட்டையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருந்தான்.

"நான் பேசுனது தப்பு" என்றான்.

சுவர் திருப்பிச் சொன்னது. அவன் காத்திருந்தான். காத்திருக்காமல் பேசினால் ஒன்றும் விளங்காது.

"தம்பி ஆட்டம் சுத்தம்."

சுவர் சொன்னது. கூட்டத்தில் யாரோ அந்த இடைவெளியில் கை தட்டினார்கள். அவர்கள் காதுக்கு அது எப்படி இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வரி, ஒரு எதிரொலி, அடுத்த வரி. அவன் எப்போதும் சொல்கிற அதே நடை.

"உங்க எல்லார்ட்டயும் நான் கேக்குறது மன்னிப்பு."

தப்பும் மன்னிப்பும் ஒன்றோடு ஒன்று இயைந்துகொண்டன. அவன் சேர்க்கவில்லை. எவன் மன்னிப்புக் கேட்டாலும் அந்த இரண்டு வார்த்தையும்தான் வரும். ஆனால் கை தட்டல் இப்போது மொத்தக் கூட்டத்துக்கும் பரவி, தாளமாகவே விழுந்தது. நான் மைக் ஸ்விட்சை அணைத்தேன். அதனால் பிரயோசனம் இல்லை. அடுத்த வரியைக் கூட்டமே சொன்னது.

"அண்ணன் மொகம் பாத்தாரு!"

என் நண்பன் கையைத் தூக்கினான்.

கூட்டம் இன்னும் பலமாகச் சொன்னது. அவன் கையை இன்னும் உயர்த்தி, உள்ளங்கையை விரித்து ஆட்டினான். மைக்கில் ஏதோ சொன்னான். மைக் செத்திருந்ததால் அது கூட்டத்துக்குக் கேட்கவில்லை. வாசல் பக்கமிருந்து அண்ணன்காரர் ஓடி வந்தார். கையில் இளநீர்க்காரரின் அரிவாள் இருந்தது.

முதல் வெட்டு தூக்கிய கையில், மணிக்கட்டுக்குக் கீழே விழுந்தது. கை விழாமல் தொங்கியது. அவன் திரும்பினான். அடுத்தது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அரிவாள் எலும்பில் மாட்டிக்கொள்ள, அவர் அவன் நெஞ்சில் காலை வைத்து இழுத்தார். அவன் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். அதற்கு மேலும் வெட்டினார். எதற்கென்று தெரியவில்லை. கூட்டம் சிதறி ஓடிய சத்தமும் சுவரில் பட்டு இரண்டாவது தடவை வந்தது. ஆட்டக்காரர்கள் முழங்காலுக்குக் கட்ட வைத்திருந்த பேண்டேஜ் சுருளை எடுத்து நான் அவன் கழுத்தில் அமுக்கினேன். சுருள் சுருளாக வைத்தேன். எல்லாம் ஊறியது. ஆஸ்பத்திரிக்கு வேனில் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வந்தது. வெட்டியதை யாரும் மறுக்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டானா, மறுபடி கேலி செய்தானா என்பது மட்டும்தான் கேள்வி. கேலி என்றால், தாங்க முடியாத ஆத்திரத்தில் செய்தது என்று தண்டனை குறையும். அத்தைக்குத் தண்டனைக் கணக்கு விளங்கவில்லை. மகன் சாகும்போது கேலி செய்துகொண்டிருந்தான் என்று ஒரு ஜட்ஜ் எழுதிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கு. அந்த ஊரில் மடவார் வளாகம் பகுதியில் இருந்த அரசுத் தரப்பு வக்கீல் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போய், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கூண்டில் நின்று நான் அந்த மூன்று வரியையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமானவர். அவன் வரிக்கு வரி நிறுத்தினானா என்று கேட்டார். நிறுத்தினான் என்றேன். சுவரைப் பற்றி விளக்கப் பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் என்றார்.

"வழக்கமாப் பாடும்போது கையத் தூக்குவாரா?"

"தூக்குவான்."

"எதுக்கு?"

"கூட்டம் திரும்பச் சொல்றதுக்கு."

"அன்னைக்குத் தூக்குனாரா?"

"தூக்கினான். நிறுத்தச் சொல்லித் தூக்கினான்."

"நீங்க அவர் முதுகுக்குப் பின்னாடி இருந்தீங்க. மொகத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதைத்தான் சொன்னேன். பார்த்ததாகச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எப்படிச் சொல்வது?

தண்டனை குறைந்துதான் வந்தது. தீர்ப்பில், இறந்தவர் மீண்டும் தூண்டினார் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. வக்கீல் குமாஸ்தா அதை அத்தைக்குத் தமிழில் சொன்னார். அவள் எழுந்து வெளியே போய், ரோட்டுக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள்.

நான் பின்னால் போகும்போது கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் அந்தப் பையன், ஆட்டக்காரன், என்னை மறித்தான். மெலிந்து போயிருந்தான்.

"அண்ணே, அவரு நிப்பாட்டத்தான் கையத் தூக்குனாரு. நான் நேர் எதிர்த்தாப்புல நின்னேன். அவரு அழுதாரு. வேண்டாம் வேண்டாம்னாரு."

"இத உள்ள வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கண்ணனத் தூக்குல கொண்டு விட்ருவாங்கன்னாங்க." அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு அவர விட்டா யாரு இருக்கா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளை நான் காட்டினேன். அது என் நண்பனின் அம்மா என்று மட்டும் சொன்னேன். அவன் போக மாட்டான் என்று நினைத்தேன். ஆனால் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டு, வண்டிகளுக்கு நடுவே நடந்து போனான். நானும் கூடப் போனேன். என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னான். அழுததைச் சொன்னான். வேண்டாம் வேண்டாம் என்றதைச் சொன்னான்.

அத்தை கடைசிவரை கேட்டாள். பிறகு அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் நகரவில்லை. மறுபடி அறைந்தாள். பிறகு இரண்டு கையாலும், முகம் தலை என்று பார்க்காமல் அடித்தாள். வளையல் உடைந்து அவன் புருவத்தில் கீறி ரத்தம் வந்தது. கோர்ட் வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"விடுங்க சார். அவங்க அடிக்கட்டும்" என்றான் அவன்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். அவர் கையை விட்டதும் அவள் மறுபடி அடிக்கவில்லை. மூச்சு இரைத்தபடி நின்றாள்.

"வேற என்ன சொன்னான்?" என்று அவனிடம் கேட்டாள்.

ராஜபாளையம் பஸ் ஒன்று வந்தது, நின்றது, போனது. அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.