சமையலறை வாசலுக்கு ஐந்து ஸ்பீக்கர்

சிட்லபாக்கம் பத்ரிநாராயணன் சாருக்கு ஏழு ஸ்பீக்கர் வேண்டும். நாவலூரில் அவருடைய மைத்துனர் ராகவேந்திரா வீட்டில் ஏழு இருக்கிறது. படத்தில் வரும் ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி முன்னால் போகிறது. அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, வங்கி வேலையில் ஓய்வு பெற்ற அந்த மனிதர் ஞானஜோதிக்கு மூன்று முறை போன் செய்துவிட்டார்.

ஞானஜோதி மேற்குத் தாம்பரத்துக்காரி. வயது நாற்பத்தாறு. ஸ்பீக்கர் அமைத்துக் கொடுக்கும் தொழிலை அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. சர்ச்சில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். மைக், ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போனதும், "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கம்மா" என்று அவளை உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் பதினெட்டு வருஷமாயிற்று. ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சுக்காரர்களிடம் போய், "இன்னைக்குப் பிரசங்கம் கேட்டுச்சா?" என்று விசாரிப்பாள். "பாட்டு ஜோரா இருந்துச்சு. ஆயர் சொன்னதுதான் பிடிபடலை" என்று யாராவது சொன்னால், ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரை இரண்டு விரற்கடை திருப்புவாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் விசாரிப்பாள். கற்றதெல்லாம் அப்படித்தான்.

வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்த முறை மாறவில்லை. யாரும் எதையும் வாங்குவதற்கு முன், தன்னுடைய ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டுவாள். அதன் பிறகுதான் எது வேண்டும் என்ற பேச்சு.

பத்ரிநாராயணன் வீட்டுக்கு முதலில் அளவெடுக்கப் போனபோது, "எங்க சார் உக்காந்து பாப்பீங்க?" என்று கேட்டாள். அவர் சோபாவைக் காட்டினார். ஹாலின் நடுவில், டிவியைப் பார்த்தபடி கிடந்தது. பின்னால் சாப்பாட்டு மேஜை, அதற்கும் பின்னால் சமையலறை. சோபாவில் உட்கார்ந்தால் காது எவ்வளவு உயரத்தில் வரும் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அவரும் கூடவே படியிறங்கி வந்தார்.

"என் ஆத்துக்காரி இப்பல்லாம் படமே பாக்கறதில்லைம்மா. பாதியில எழுந்து போயிடறா. முன்னாடி ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம், 'என்ன சொன்னான்'னு கேப்பா. ஒருநாள் நான் வள்ளுனு விழுந்துட்டேன். அப்பறம் கேக்கறதை விட்டா. பாக்கறதையும் விட்டுட்டா." கீழே நின்றிருந்த ஸ்கூட்டரின் கண்ணாடியைத் தொட்டுச் சரிசெய்வது போல நின்றார். "சத்தம் நன்னா பெருசா இருந்தா உக்காருவா, இல்லையா?"

"போட்டுப் பாப்போம் சார்" என்றாள் ஞானஜோதி.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஏழு ஸ்டாண்டுகளும் ஹாலில் நின்றன. சோபாவின் நடுவில் பத்ரிநாராயணன். ஓரத்தில் அவர் மனைவி அபிதகுஜாம்பாள், வேறு யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு குடும்பப் படத்தில் மழைக் காட்சி ஓடியது. சுற்றிலும் மழை கொட்டியது.

"பிரமாதம்!" என்றார் அவர்.

குக்கர் கூவியது. அபிதகுஜாம்பாள் எழுந்து போனார். திரும்பி வரவில்லை. ஞானஜோதி திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. மாமி அதில் உட்கார்ந்து, டிவியில் ஒரு கண்ணும் அடுப்பில் ஒரு கண்ணுமாக இருந்தார். சற்று நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞானஜோதி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்பக்கத்து வலது ஸ்பீக்கர் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. மழை மட்டும்தான் கேட்டது. பேச்சு வரும் நடு ஸ்பீக்கரோ டிவிக்குக் கீழே. அதன் குரல் சோபாவின் முதுகில் மோதி அங்கேயே நின்றுவிட்டது. வெளியாள் வந்து கேட்டால் எந்த வீட்டிலும் சோபாவைத்தான் காட்டுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியை யார் காட்டுவார்கள்? கடைசி பெஞ்சுக்குப் போய்க் கேட்கிறவள், இங்கே முதல் பெஞ்சோடு நின்றுவிட்டாள்.

"மாமி, எப்பவும் இங்கதான் உக்காருவீங்களா?"

"வேற எங்க? அங்க போய் உக்காந்தா பால் பொங்கறதை யார் பாக்கறது?"

"காதுல ஏதாவது..."

"ஒரு கோளாறும் இல்லை. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இவருக்குத்தான் நான் செவிடுன்னு ஒரு நெனப்பு."

ஞானஜோதி பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றினாள்.

"ஏம்மா, அதை ஏன் எடுக்கறே?"

"அஞ்சு போதும் சார்."

"அஞ்சா! ராகவேந்திரா சிரிப்பான்."

"அவன் சிரிச்சா நாவலூர்லேந்தே கேக்கும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அதுக்கு ஸ்பீக்கரே வேண்டாம்."

நடு ஸ்பீக்கரை டிவிக்கு மேலே தூக்கி நிறுத்தி, சோபாவைத் தாண்டி சமையலறை வாசலைப் பார்க்கும்படி முகத்தைச் சாய்த்தாள். அதே காட்சியை மறுபடி போட்டாள்.

பத்ரிநாராயணன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். "குரல் உசரத்துலேந்து வரதே. வாய் ஒரு இடம், பேச்சு ஒரு இடம்."

"ஆமா சார். சோபாவுல இனிமே அப்படித்தான் கேக்கும். ரெண்டு இடத்துக்கும் ஒண்ணா சரி பண்ண முடியாது. எந்த இடத்துக்கு வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

படத்தில் மருமகள் மாமியாரிடம் மழைச் சத்தத்துக்கு நடுவே மெதுவாக ஏதோ சொன்னாள். சிவப்பு நாற்காலியிலிருந்து, "நன்னா குடுத்தா!" என்று சிரிப்பு வந்தது. அபிதகுஜாம்பாள் எப்போது வந்து உட்கார்ந்தார் என்று ஞானஜோதியும் கவனிக்கவில்லை.

பத்ரிநாராயணன் திரும்பி மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போய், துணி உலர்த்தியிருந்த நாற்காலியைத் தட்டி எடுத்து வந்து, சிவப்பு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

"வழியை மறைச்சுண்டு போடாதேங்கோ. நான் எப்படி உள்ள போறது?"

ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"இந்த மழையை இன்னும் கொஞ்சம் கொறைம்மா" என்றார்.

ஞானஜோதி மழையைக் குறைத்தாள். நோட்டில் சோபாவுக்கு எழுதியிருந்த அளவுகளை அடித்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலிகளின் பக்கம் போனாள்.