மேசையில் அடங்காத சிவப்பு ராட்சதன்

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் கிடைத்த தலைப்பு, நட்சத்திர வகைகள். சூரியன், சிவப்பு ராட்சதன், வெள்ளைக் குள்ளன், நியூட்ரான் நட்சத்திரம். நான்கு தெர்மோகோல் பந்து, நான்கு வண்ணம், ஒரு மாலை நேர வேலை என்று நினைத்தேன்.

நான்கின் அளவு விகிதமும் மாறக் கூடாது என்றாள் அவள்.

வெள்ளைக் குள்ளன் பூமி அளவுதான் இருக்கும். சூரியன் அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அகலம். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர் கடுகளவு பேரிங் குண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கேற்ற சூரியனுக்குப் பரங்கிக்காய் வேண்டும். பெரிய மார்க்கெட்டில் ஒவ்வொரு காயையும் டேப் வைத்து அளந்தாள்.

"சாம்பாருக்கா பாப்பா, சட்டை தைக்கவா?" என்றார் கடைக்காரம்மா.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ராட்சதன் கணக்கு. பரங்கிக்காயைப்போல நூறு மடங்கு என்றால் அறுபத்தைந்து அடி அகலம். மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மனையே முப்பதுக்கு நாற்பது.

வகுப்பாசிரியை போனில் தெளிவாகச் சொன்னார். "ஒரு பிள்ளைக்கு மூணடி டேபிள்தான் மேடம். நாலும் அதுல அடங்கலன்னா பேர எடுத்துடுவேன்."

"பீச் பால் ஒண்ணு வாங்கித் தரேன். 'அளவுப்படி அல்ல'ன்னு எழுதி ஒட்டிடு," என்றேன் மகளிடம். நான் வேலை பார்க்கும் நாளிதழில் வரைபடங்களுக்குக் கீழே நாங்கள் போடுவதுதான்.

"அது பொய்மா."

"எழுதிட்டா எப்படிடி பொய்யாவும்?"

"அப்ப எதுக்குக் காய அளந்து வாங்குனோம்?"

"அவ கேக்கறது சரிதானே," என்றார் கணவர், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

"அப்ப ராட்சதனோட ஓரத்த மட்டும் வெச்சுத் தொலைங்க ரெண்டு பேரும்!" கத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் தெருவில் சிவப்பு சார்ட் தாள். முப்பத்துமூன்று அடிச் சணல் கயிற்றின் ஒரு முனையை அடுத்த வீட்டு வாசலில் கணவர் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் பென்சிலைக் கட்டி அவள் கோடு இழுத்தாள். மூன்றடி நீளத்துக்கு அந்தக் கோடு விரல் அகலம்கூட வளையவில்லை. நேர்க்கோடு போலத்தான் இருந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்தன. மன்னிப்புக் கேட்டது நான்.

கண்காட்சியில் மேசையின் முன்பாதியை அந்தச் சிவப்புத் தாள் மூடியிருந்தது. பின்பாதியில் பரங்கிக்காயும் பேரிங் குண்டும். நியூட்ரான் நட்சத்திரம் இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது என்பதால் வெற்று அட்டையில் பெயரை மட்டும் எழுதியிருந்தாள்.

"விரிப்பு நல்லா இருக்கு. ரெட் ஜெயண்ட் எங்கம்மா?" என்றார் நடுவர்.

"அதுக்குள்ளதான் சார் நிக்கறீங்க."

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார்.

"பின்னால போனா இன்னும் உள்ளதான் சார் போவீங்க."

நடுவர் மேசையைச் சுற்றிக்கொண்டு பரங்கிக்காய்ப் பக்கம் போய் நின்று, நெடுநேரம் அந்தச் சிவப்பு ஓரத்தைப் பார்த்தார்.

அவர் நகர்ந்ததும் வகுப்பாசிரியை வந்தார். எல்லா மேசைக்கும் ஒன்றாக அச்சடித்து வைத்திருந்த சீட்டைப் பரங்கிக்காயில் ஒட்டினார். 'அளவுப்படி அல்ல.' மகள் என்னைப் பார்த்தாள்.

அவர் அடுத்த மேசைக்குப் போனதும் சீட்டைப் பிய்த்தேன். நல்ல பசை. சூரியனின் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.