அம்மாவுக்குக் குலவை கற்றுக்கொடுத்த கதை

எட்டு வயதில் நான் என் அம்மாவுக்குக் குலவை போடக் கற்றுக்கொடுத்தேன். இதை ஊரில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து டீச்சரிடம், உப்பு விற்க வரும் வண்டிக்காரரிடம், எங்கள் தெருவுக்குள் கால் வைக்க யோசித்து மதகடியிலேயே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் தபால்காரரிடம்கூட. பெருமையடித்துக்கொள்வதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம் உண்டு. இப்போதும் போகவில்லை என்று என் மகள் சொல்கிறாள்.

திருவாரூருக்குக் கிழக்கே, பஸ் எட்டிப் பார்க்காத ஊர் எங்களுடையது. சுற்றிலும் இருந்த வயலில் பெரும்பகுதி ஒரே பண்ணைக்குச் சொந்தம். எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. வீட்டில் அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அத்தையைக் கட்டிய மாமா. மாமா விவசாயச் சங்கத்தில் இருந்தார். கோழியை விரட்டும்போதுகூட மேடைப் பேச்சுக் குரலில்தான் விரட்டுவார்.

அந்தச் சமயம் ஆட்சி மாறியிருந்தது. டீக்கடைக்கு டீக்கடை புதுக் கொடி பறந்தது. இனி எல்லாரும் சமம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பண்ணைக்காரர்களை இனிமேல் ‘ஆண்டே’ என்று கூப்பிடக் கூடாது, ‘ஐயா’ போதும் என்று மாமாவின் சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். பெண்களுக்கு அது சட்டென்று வாயில் வராது. ‘ஆ’ என்று தொடங்கி, நடுவில் நினைவு வந்து ‘ஐயா’ என்று முடிப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். முன்பெல்லாம் பண்ணையில் சவுக்கு இருந்ததாம். சங்கம் வந்ததும் சவுக்கு போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பண்ணையின் காரியக்காரர் கையில் ஒரு பூவரசங் கம்பு வந்தது. சவுக்கால் அடித்தால்தான் குற்றம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பண்ணைக்காக ஆட்களிடம் வேலை வாங்குவது காரியக்காரரின் பொறுப்பு. வெள்ளை வேட்டி, தோல் செருப்பு, குடை. சேற்றில் கால் வைத்தவர் இல்லை. நடவு நடுகிற பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டபடியே பின்பக்கமாக நகர்ந்து வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வரப்பில் இவர் நிற்பார். கடைசியாக வரப்பைத் தொடுகிறவள் முதுகில் கம்பு விழும். அது அவர் வைத்த சட்டம். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் நட்ட வேகத்தில் வேறெங்கும் யாரும் நட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எவ்வளவு வேகமாக நட்டாலும் யாராவது ஒருத்தி கடைசியாகத்தானே வந்தாக வேண்டும்? இது எனக்கு அப்போதே தோன்றியது. பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று வியந்தேன்.

எனக்கு அந்த வயதில் குலவை என்றால் பைத்தியம். ஒரு வயலில் நடவு தொடங்கும்போது, முதல் முடி நாற்றைப் பிரித்து நடும் நேரத்தில், பெண்கள் நாக்கை ஆட்டிக் குலவை போடுவார்கள். பக்கத்து வயலில் ஆள் இருந்தால் அவர்கள் பதில் குலவை போட்டாக வேண்டும். போடாவிட்டால் இரண்டு வயலுக்கும் ஆகாது. அதனால் ஒரு குலவை கிளம்பினால் வயல் வயலாகத் தாவி ஆற்றங்கரை வரை போய்விட்டுத்தான் ஓயும். எனக்கு அதைக் கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். வாய்க்காலில் குளிக்கும்போது பழகினேன், ஆடு ஓட்டும்போது பழகினேன், வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதும் பழகினேன். டீச்சர் முட்டி போட வைத்தார். முட்டி போட்டபடியும் பழகினேன்.

ஒரே ஒரு குறை, என் அம்மாவுக்குக் குலவை வராது. முதல் முடி நடும்போது அம்மா மட்டும் வரப்பில் ஏறி, புடவையைச் சரிசெய்கிறவள்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். குலவை ஓய்ந்த பிறகுதான் வயலில் இறங்குவாள். எனக்கு மானமே போகும். அத்தை போட்டால் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். என்னைப் பெற்றவள் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிறாளே என்று இருக்கும். ஒரு நாள் வாய்க்காலில் அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

“எனக்கு நாக்கு வராதுடி,” என்றாள் அம்மா.

“நான் சொல்லித் தரேன். நாக்க மேல ஒட்டாம இப்பிடி ஆட்டணும்.”

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு உதட்டைக் குவித்து ஒருமுறை செய்து பார்த்தாள். அடுப்பு ஊதுகிற மாதிரி வெறும் காற்றுதான் வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு நான்கைந்து நாள் சாயங்காலம் அதே இடத்தில் பாடம் நடந்தது. மாணவி தேறுவதாக இல்லை. என் வயதுக்கு நான் ரொம்பவே பொறுமையாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் புரட்டாசியில் சம்பா நடவு மும்முரமாக இருந்தபோது, அறுப்புக் கூலித் தகராறில் எங்கள் தெரு ஆண்கள்மேல் பண்ணை போட்டிருந்த வழக்கு நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு வந்தது. மாமா உள்பட அத்தனை ஆண்களும் போனார்கள். முதல் நாள் கூப்பிடவில்லையாம், மறுநாள் வரச் சொல்லிவிட்டார்களாம். அங்கேயே தங்கிவிட்டார்கள். தெருவில் பெண்களும் பிள்ளைகளும்தான். அத்தைக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து நட்டாள். அன்று கடைசியாக வரப்பைத் தொட்டவள் அவள்தான்.

சட்டம் சட்டம்தானே. கம்பு விழுந்தது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளைக் குப்புறப் படுக்க வைக்க முடியாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் விளக்கெண்ணெய் தடவினாள். விரல் கனத்துக்குத் தடித்துப் போயிருந்தது.

“நாளைக்கு நான் வரல அண்ணி,” என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “வராம என்னத்த திங்கிறது?” என்றாள். பிறகு ரொம்பவும் மெதுவாகச் சொன்னாள்: “திரும்பறப்ப அடிச்சா வவுத்துல பட்டுடும் அண்ணி.”

அம்மா எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நானும் வயலுக்குப் போனேன். அம்மா அத்தையைத் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தன் பங்கை நட்டுக்கொண்டே கையை எட்டிப் போட்டு அத்தையின் பங்கில் பாதியையும் நட்டாள். ஒருத்தி ஒன்றரை ஆள் வேலை செய்தால் என்ன ஆகும்? இருவருமே பின்தங்கினார்கள். மற்றவர்கள் வரப்பைத் தொட்ட பிறகும் இவர்கள் வயலின் நடுவிலேயே குனிந்திருந்தார்கள். வரப்பில் நின்ற காரியக்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“ஏண்டி, அவ பங்கையும் நீயே நடுறியா? அவ என்ன மகாராணியா?”

“மாசமா இருக்குங்க. இதோ முடிச்சுடறோம்ங்க,” என்றாள் அம்மா, நிமிராமல்.

கோபத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். அதுவரை செய்யாதது. செருப்புக் காலோடு சேற்றில் இறங்கிவிட்டார். முதல் எட்டிலேயே கணுக்கால் புதைந்தது. இரண்டாவது எட்டில் முழங்கால். இறங்கினவர் பாதியில் திரும்பினால் மரியாதை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் கம்போடு தள்ளாடித் தள்ளாடிப் போனார். எங்கள் தெருவில் கள் குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட அதைவிட நன்றாக நடப்பார்கள். அத்தை கிட்டே போய்க் கம்பை ஓங்கினார். சத்தம் கேட்டு அத்தை திரும்பினாள். வயிறு அவர் பக்கம் இருந்தது.

அம்மா எழுந்தாள். கம்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

அவர் இழுத்தார். அம்மா நகரவில்லை. சேற்றில் எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். கம்பை விட்டால் அவமானம், இழுத்தால் விழுந்துவிடுவார். “விடுடி! விடுடிங்கறேன்!” என்று கத்தினார். அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. என் அம்மா அவ்வளவு பயந்து நான் பார்த்ததே இல்லை. அழப் போகிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள்.

குலவை வந்தது.

அப்படி ஒரு குலவையை நான் கேட்டதே இல்லை. அத்தையுடையது எல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. மற்றப் பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு இவ்வளவு நன்றாக வருகிறதே என்று ஆச்சரியப்படுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. என் பாடம் வீண் போகவில்லை! வரப்பில் நின்றபடி நானும் போட்டேன். அன்று வயலில் இரண்டாவது குரல் என்னுடையது. மூன்றாவது அத்தை. பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள்.

பக்கத்து வயலில் இருந்தவர்கள் பதில் போட்டாக வேண்டுமே, போட்டார்கள். அதற்கு அடுத்த வயலிலும் எழுந்தது. போட்டுவிட்டுத்தான் அவர்களுக்கு யோசனை வந்திருக்கிறது, உச்சிவெயிலில், பாதி நட்ட வயலில் எதற்குக் குலவை என்று. நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கையில் நாற்று முடியோடு அப்படியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாலு வரப்பிலும் பெண்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு சேற்று உருண்டைகூட எறியவில்லை. குலவை மட்டும் நிற்கவே இல்லை. நடுவில் காரியக்காரர், ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் கம்பின் ஒரு முனை. “விடச் சொல்லுங்கடி அவளை!” என்றார். அம்மாவின் வாய் வேலையாக இருந்தது.

கடைசியில் அவர்தான் விட்டார். திரும்பி நடந்தபோது ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு வரப்பேறி, “உங்க ஆம்பளைங்க வரட்டும், பேசிக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். யார் முதலில் ஆரம்பித்தது என்று விசாரித்தார். “குலவையா? நடவுன்னா போடறதுதானேங்க,” என்றார்கள் பெண்கள். அம்மாவின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. நான்தான், “எங்க அம்மா! நான் சொல்லிக் கொடுத்தேன்!” என்று முன்னால் ஓடினேன். அத்தை என் வாயைப் பொத்தி வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பண்ணையில் நாலு நாள் யாருக்கும் வேலையில்லை. வீட்டில் கஞ்சி தண்ணீரானது. ஐந்தாம் நாள், நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது என்று பண்ணையிலிருந்தே ஆள் வந்து கூப்பிட்டார். காரியக்காரர் தூரத்து வரப்பில் குடையோடு நின்றார். கம்பு இல்லை. அது எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா அதைக் கொடியாகக் கட்டி என் பாவாடையைக் காயப் போட்டாள். தான் இல்லாதபோது இது நடந்துவிட்டதில் மாமாவுக்கு வருத்தம். தெருவைக் கூட்டி ஒரு மணி நேரம் பேசித் தீர்த்துக்கொண்டார். அத்தைக்கு மார்கழி மாதம் பெண் பிறந்தது.

நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்ட பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். ஒருத்தி, “ஆமாண்டி தங்கம், நீதான் சொல்லிக் குடுத்தே,” என்றாள்.

பதினோரு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பெண்கள் குலவை போடத் தயாரானார்கள். அம்மாவைக் காணோம். எட்டிப் பார்த்தால் சமையல் கொட்டகை ஓரத்தில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு புடவையைச் சரிசெய்தபடி நிற்கிறாள். “அம்மா, நீதான் நல்லா போடுவியே, இங்க வா!” என்று மணவறையில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன்.

பந்தல் அப்படியே அமைதியாகிவிட்டது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன். அம்மா என் கழுத்தில் இருந்த புதுத் தாலியைப் பார்த்தாள். தன் வெறுங்கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். “எனக்கு நாக்கு வராதுடி,” என்று சொல்லிச் சிரித்தாள்.

தாலி அறுத்தவள் குலவை போடக் கூடாது என்று அதற்கு முன்பு யாரும் எனக்குச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் தனியாகச் சொல்வார்கள்? அப்பா சாகும்வரை எங்கள் பக்கத்திலேயே அம்மாவின் குலவைதான் பெரிய குலவை என்று அத்தை அன்று சாயங்காலம் சொன்னாள். அந்தப் பதினோரு வருஷமும் நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருத்திகூட என்னைத் திருத்தவில்லை.