கொயினாவும் என் அவசரமும்

கண்டியில் தாதிப் பயிற்சியில் இருந்தபோது என் காலுக்கு ஓய்வே கிடையாது. இருபது கட்டில்களுக்கும் அரை மணிக்குள் மருந்து கொடுத்து முடிப்பேன். வார்ட்டுச் சிஸ்டர் மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டி, "அவளப் பாத்துப் பழகுங்க" என்பார். அதைக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்ததை இப்போது ஒளிப்பதற்கில்லை.

மலேரியாக் காய்ச்சல் பரவிய வருடம் அது. பிலிமத்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். மலேரியாவுக்கான கசப்பு மருந்தான கொயினா கொடுத்தும் நான்கு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை டொக்டர் அவளுடைய அட்டையைப் பார்த்தார். நான்கு நாளும் 'கொடுத்தாயிற்று' என்று என் கையெழுத்து. "பின்னேரத்திலிருந்து அளவைக் கூட்டுவோம்" என்று சொல்லி, அட்டையிலும் எழுதிவிட்டுப் போனார்.

கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் பிழைகளை எழுதிவைக்க ஒரு கொப்பி வைத்திருந்தேன். யாரும் எழுதச் சொன்னதில்லை. திட்டு வாங்கிய ஒருநாள் ஆத்திரத்தில் தொடங்கிய பழக்கம். சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்து, அவள் கட்டிலருகே நான் செய்வதை ஒன்றுவிடாமல் எழுதினேன். மருந்தை ஊற்றுகிறேன். தலையைத் தூக்கி வாயில் விடுகிறேன். அடுத்த கட்டிலுக்குத் திரும்புகிறேன். அங்கே பென்சில் நின்றது. அவள் விழுங்கியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மத்தியான மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நின்றேன். கன்னம் உப்ப அவள் என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். கடைசியில் தலையணைக்கடியில் இருந்த துணியை எடுத்து அதில் துப்பினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாகப் போறீங்களா?" என்று கத்தினேன்.

"இதக் குடிச்சா புள்ள கலஞ்சிரும்னு தோட்டத்து லயத்துல சொன்னாங்க, மிஸ்ஸி. நெசமா?"

எத்தனையோ பேருக்கு நான் கொடுத்த மருந்து. எனக்கே தெரியவில்லை. 'இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம், வெட்கம் விடவில்லை.

டொக்டரின் அறைக்குப் போனேன். சிஸ்டரும் அங்கே இருந்தார். நான்கு நாளும் அவள் விழுங்கவில்லை, நான் பார்க்காமலே எழுதினேன் என்று சொன்னேன். சிஸ்டர் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். வாங்கிக்கொண்டு, அதன் பிறகும் போகாமல் நின்று, அவளுடைய கேள்வியை டொக்டரிடம் கேட்டேன். "அளவு மீறினால் ஆபத்துதான். ஆனால் இந்தக் காய்ச்சலை விட்டுவைத்தால் அதைவிட ஆபத்து" என்றார். அளவைக் கூட்டச் சொன்னதை அடித்துவிட்டுப் பழைய அளவையே எழுதினார்.

திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வார்ட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன்" என்று, டொக்டர் சொன்னதை ஆபத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு கோப்பையை அவளே வாங்கி, முகத்தைச் சுளித்து விழுங்கினாள். நான் கேட்காமலே, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.